சின்னப் பள்ளிக் கும்மட்டத்துக்குப் பட்டை கட்டிய கதை

ரியாஸ்,

பள்ளிவாசல் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். "கும்மட்டம் எப்படி நிக்குதுன்னு நாலு பேருக்குப் புரியுற மாதிரி எழுதிக் குடுங்க, இன்ஜினியர் மாப்ளே" என்று ஹாஜியார் போனில் சொன்னார். நாலு பேருக்குப் புரிகிற மாதிரி எழுத எனக்கு வராது, பொறுமையும் கிடையாது. ஒருத்தனுக்குப் புரிகிற மாதிரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அந்த ஒருத்தன் நீ. செவ்வாய்க்கிழமை நீ குவைத்துக்குக் கிளம்புகிறாய். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நமக்குள் வாக்குவாதம் வந்துவிடும். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது, எனக்கு அது வசதி. ஊர்க்காரர்களும் கூடவே படித்துக்கொள்ளட்டும். அவர்களுக்குத் தெரியாத ரகசியம் இதில் ஒன்றும் இல்லை.

மலர் வெளியூர்க்காரர்கள் கைக்கும் போகும் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உன்னைப் பெற்றவன் இல்லை. உன் அத்தா குவைத்தில் மவுத்தானபோது நீ ஆரம்பப் பள்ளியில் இருந்தாய். சில வருஷம் கழித்துத்தான் நான் உங்கம்மாவை நிக்காஹ் செய்துகொண்டு பெரம்பலூரிலிருந்து இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தேன். நமக்குள் வயசு வித்தியாசமும் பெரிதாகக் கிடையாது. பஸ்ஸில் கண்டக்டர் உன்னைக் காட்டி "தம்பிக்கும் சேத்து டிக்கெட்டா?" என்றுதான் என்னிடம் கேட்பார். என்னை நீ இதுவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாய். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. வேலை நடக்கிற இடத்தில் என்னை "சார், சார்" என்கிற யாரும் நான் சொல்வதைக் கேட்பதில்லை. நீ "இங்க பாருங்க" என்றால் நானாவது பார்க்கிறேன்.

நம் ஊர் லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். பஸ் நிற்கிற இடத்தில் பெரிய பள்ளிவாசல். ஆற்றுப் பக்கம் சின்னப் பள்ளி. ஒரே ஒரு சதுர அறை, அதன் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் குவிந்த கூரையாகக் கட்டிய ஒரே ஒரு கும்மட்டம். யார் கட்டியது, எப்போது கட்டியது என்று யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒரு நவாபு பேரைச் சொல்வார்கள். ஆனால் யார் யார் அதில் கை வைத்தார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். வளைகுடாவிலிருந்து லீவில் வருகிற ஒவ்வொருவரும் அத்தர் பாட்டிலோடு சின்னப் பள்ளிக்கு ஏதாவது செய்து தருகிற ஒரு நிய்யத்தையும் கொண்டுவருவது இந்த ஊர் வழக்கம். ஒருத்தர் ஃபேன், ஒருத்தர் டைல்ஸ், ஒருத்தர் தொங்கு விளக்கு. ஒருத்தர் கும்மட்டம் முழுக்க சிமெண்ட் பூசிப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூர் பக்கத்தில் இருக்கிற பாவம் இது. விளக்கெண்ணெய் மாதிரி எந்த வியாதிக்கும் சிமெண்ட்தான் மருந்து என்று இங்கே நினைக்கிறார்கள். உன் சாச்சா தன் அண்ணன் பேரில், தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்கிற இடம் கட்டிக் கொடுத்தார். குழாய்கள், உட்காரக் கிரானைட், சுவரில் உன் அத்தா பேர் வெட்டிய கல். நல்ல வேலை. அதற்கு இடம் வேண்டும் என்று தென்பக்கம் ஒட்டி நின்ற தடித்த சுவர் அறையை இடித்தார்கள். "பாம்பு அடையுற ரூம்தானே" என்று சொல்லிவிட்டார்கள், அது எதற்கு நிற்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. இதெல்லாம் நான் மாப்பிள்ளையாக வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

போன ஐப்பசி மழையில் கும்மட்டத்தின் உள்பூச்சு தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல்லில் விரிசல்கள். ஹாஜியார் நிர்வாகத் தலைவர் என்கிற முறையில் பள்ளியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஜமாஅத்துக் கூட்டத்தில் இடித்துவிட்டுக் கான்கிரீட் கும்மட்டம் போடலாம் என்று பேச்சு ஓடியது. நான் எழுந்து, "இந்த விரிசல் எந்தப் பழைய கும்மட்டத்துலயும் இருக்கும், இதுக்குப் போய் ஏன் பயப்படுறீங்க?" என்றேன். பொறியியல் படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று பாதிப் பேர், இவனுக்கு என்ன தெரியும் என்று மீதிப் பேர். வீட்டுக்கு வரும் வழியில் நீ மட்டும், "இங்க பாருங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். நீ மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு விசாவுக்குக் காத்திருந்த நேரம் அது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். நீ போகிற இடத்தில் பெரிய பட்டம் வாங்கினவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களிடமும் இதைக் கேள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

மறுநாள் சாவி வாங்கிக்கொண்டு போனோம். நீ உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து விரிசலைப் பார்த்தாய். நான் முதலில் தரையைப் பார்க்கச் சொன்னேன். அறை சதுரம், மேலே இருப்பது வட்டம். சதுரத்தின் மேல் வட்டத்தை வைத்தால் நாலு மூலையிலும் ஓட்டை விழுமே, என்ன செய்திருக்கிறார்கள்? நீ கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு மூலையைக் காட்டினாய். ஒவ்வொரு மூலையிலும் குறுக்கே ஒரு சின்ன வளைவு, மூலையை வெட்டிக்கொண்டு போகிறது. நாலு பக்கம் எட்டுப் பக்கமாகிவிட்டது. எட்டுப் பக்கத்தின் மேல் வட்டம் சிரமம் இல்லாமல் உட்கார்ந்துகொள்ளும். "அட, இவ்வளவுதானா?" என்றாய். இவ்வளவுதான். ஆனால் அதை முதலில் யோசித்தவனுக்கு எத்தனை இரவு தூக்கம் போயிருக்குமோ.

பிறகுதான் விரிசலுக்கு வந்தோம். விரிசல் எங்கே இருக்கிறது என்று எல்லாரும் பார்க்கிறார்கள். அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே எல்லா விரிசலும் கும்மட்டத்தின் அடியில் ஆரம்பித்து மேலே போகப் போக மெலிந்து, பாதி உயரம் தாண்டுவதற்குள் செத்துவிடுகின்றன. உச்சியில் ஒன்றுகூட இல்லை. கும்மட்டத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளையங்கள் என்று வைத்துக்கொள். உச்சிப் பக்கத்து வளையங்கள் உள்ளே விழப் பார்க்கும். விழ இடம் கிடையாது, ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு வாசலில் எல்லாரும் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்தால் ஒருத்தரும் கீழே விழ முடியாதே, அந்த மாதிரி. அடிப்பக்கத்து வளையங்களுக்கு நேர்மாறான ஆசை, அவை வெளியே விரியப் பார்க்கும். அரைக்கோளம் என்றால், உச்சியிலிருந்து அடிவரை இறங்குகிற வளைவில் பாதியைச் சற்றுத் தாண்டியதும் இந்த மாற்றம் வரும். செங்கல்லும் சுண்ணாம்பும் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே அடியில் பிளந்து சுளை சுளையாகிவிடும். சுளையானாலும் விழாது. ஒவ்வொரு சுளையும் எதிர்ச் சுளையின் மேல் சாய்ந்து நிற்கும். அதற்கு அப்புறம் அது ஒரு கும்மட்டம் இல்லை, உச்சியில் தலைகளை முட்டிக்கொண்டு நிற்கிற வளைவுகளின் கூட்டம். அப்படியே பல தலைமுறை நிற்கும்.

"அப்ப எதுக்குத்தான் பயப்படணும்?" என்று கேட்டாய். வடிவத்துக்குப் பயப்பட வேண்டும். கான்கிரீட் படித்தவர்களுக்கு இது புரிய நேரமாகும், எனக்கும் ஆனது. நாங்கள் எதைப் பார்த்தாலும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்போம். இந்தக் கும்மட்டத்துச் செங்கல் மேல் வருகிற அமுக்கம் அது தாங்கக்கூடியதில் ஒரு துளிதான். உள்ளே ஓடுகிற பாரத்தின் பாதை கல்லின் தடிப்புக்குள்ளேயே கீழே இறங்குகிறதா, வெளியே எட்டிப் பார்க்கிறதா, அதுதான் விஷயம். தடிப்புக்குள் இருந்தால் நிற்கும். சின்னதாகச் செய்தாலும் நிற்கும், அதே வடிவில் பெரிதாகச் செய்தாலும் நிற்கும். அதனால்தான் அதை வீட்டுக் கூடத்திலேயே செய்து பார்க்க முடிந்தது.

அந்தக் கூத்து உனக்கு ஞாபகம் இருக்கும். நூலுக்கு இழுப்பு மட்டும் தெரியும், செங்கல்லுக்கு அமுக்கம் மட்டும் தெரியும். தொங்குகிற நூலைத் தலைகீழாகத் திருப்பினால் நிற்கிற வளைவு கிடைக்கும். கும்மட்டத்தைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்குமோ அந்தப் படத்தைப் பலகையில் தலைகீழாக வரைந்து சுவரில் மாட்டினோம். அதன் மேல் ஒரு சங்கிலியைத் தொங்கவிட வேண்டும். நான் உங்கம்மாவிடம், "உன் கருகமணியைக் கொஞ்சம் கழட்டிக் குடு" என்றேன்.

"எதுக்கு?"

"தொங்க விடணும்."

"என் கழுத்துல தொங்குறது பத்தலையா உங்களுக்கு? போங்க, பரண்ல கொடிக்கயிறு கெடக்கு."

கயிற்றில் ஒரே மாதிரி நட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டால், கயிறு தோள் பக்கத்தில் கோட்டை விட்டு உள்ளே போய்விட்டது. அதாவது கும்மட்டம் விழ வேண்டும். ஆனால் நின்றுகொண்டிருக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது, வரைந்தது தப்பு என்று உன்மேல் பாய்ந்தேன். நீ அசையவில்லை. "சுளை உச்சில குறுகலா இருக்கு, அடில அகலமா இருக்கு. நீங்க எல்லா எடத்துலயும் ஒரே வெயிட்டு கட்டியிருக்கீங்க" என்றாய். சரிதான், நான் சாதாரண வளைவுக்குக் கட்டுகிற மாதிரி அவசரத்தில் கட்டிவிட்டேன். உச்சிப் பக்கம் சின்ன நட்டு, அடிப் பக்கம் பெரிய போல்ட்டு என்று மாற்றிக் கட்டினோம். கயிறு தோள் பக்கம் அகண்டு, நாம் வரைந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே போய் அடங்கியது. ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். உங்கம்மா எட்டிப் பார்த்து, "இதுக்காடா காலையிலருந்து சோறு தண்ணி இல்லாம நிக்கிறீங்க?" என்றாள். இதுக்குத்தான்.

அப்போது நீ கேட்ட அடுத்த கேள்விதான் வேலை வைத்தது. கயிறு கட்டிய ஆணியைத் தொட்டு, "இது உள்பக்கமா இழுக்குதே. கும்மட்டத்துல இந்த இழுப்பு என்னவாகும்?" என்றாய். அது வெளிப்பக்கத் தள்ளலாகும். கும்மட்டம் எந்நேரமும் தன் சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தாங்கித்தான் தீர வேண்டும் சுவர். அதனால் விரிசல்களுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சுண்ணாம்பு வைத்து ஒட்டினோம். விரிசல் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும், கொஞ்சம் விரிந்தாலும் உடைந்துவிடும். எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய விரிசல், எப்போதோ விரிந்து அடங்கிவிட்டது என்று உன்னிடம் அடித்துச் சொன்னேன். மழை விட்டுப் போய்ப் பார்த்தோம். வடக்கே ஒட்டியதெல்லாம் முழுசாக இருந்தன. தென்கிழக்கிலும் தென்மேற்கிலும் இருந்தவை உடைந்திருந்தன. நீ முதலில் பார்த்தாய், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் விழுந்த சில்லுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாய்.

தெற்கு மட்டும் ஏன்? வெளியே போய்ச் சுவரைச் சுற்றி வந்தேன், புரிந்துவிட்டது. தெற்குச் சுவருக்கு முட்டாக நின்றது அந்தப் பாம்பு அறைதான், இப்போது அது இல்லை. போதாததற்கு ஒளு செய்கிற தண்ணீர் சரியான வடிகால் இல்லாமல் சுவரின் அடியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. நனைந்த மண் இளகுகிறது, சுவர் மெதுவாகத் தெற்கே சாய்கிறது, தெற்குச் சுளை அதோடு போகிறது, இரண்டு பக்கத்து விரிசலும் திறக்கிறது. துப்புத் துலங்கிய சந்தோஷத்தில் அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து அப்படியே சொன்னேன். "காரணம் அந்த ஒளு எடம்தான். பழைய ரூமை இடிச்சவங்க யாரையும் கேக்காம இடிச்சிருக்காங்க. அதை எடுத்துட்டு ரூமைத் திருப்பிக் கட்டணும்." எல்லாரும் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்தார்கள். நீ எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

வீட்டில் உங்கம்மா கதவருகிலேயே நின்றிருந்தாள். "உங்க வாய்க்குப் பிரேக்கே கிடையாதா?"

"நான் சொன்னது சரி."

"சரிதான். தப்பா இருந்தா அவன் சண்டை போட்டிருப்பான். சரியா இருக்கறதாலதான் படுத்துக் கெடக்கான்."

இன்றைக்கும் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். சொன்ன இடம் சரியில்லை என்று உங்கம்மா நினைக்கிறாள். இதை நீங்கள் இரண்டு பேரும் எனக்கு எதிராக ஓட்டுப்போட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். டீயைத் தொடவில்லை. "ஒண்ணு கும்மட்டம், இல்ல ஒளு எடம். ரெண்டும் சேந்து நிக்காதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. கும்மட்டத்தை இறக்கிடலாம்னு இருக்கோம், மாப்ளே" என்றார்.

"அது எவ்வளவு பழசு தெரியுமா?"

"தெரியாது. யாருக்குமே தெரியாது. யார் கட்டுனதுன்னே தெரியாத கும்மட்டத்துக்காக ஒரு புள்ளையோட அத்தா பேரை இடிக்கச் சொல்றீங்களா? அந்த எடத்துல ஒளு செய்யுறப்ப எல்லாம் அவன் அத்தாவுக்கு நாங்க துவா செய்யுறோம். கும்மட்டத்தைக் கான்கிரீட்ல கட்டிக்கலாம். அந்தப் பேரைத் திருப்பிக் கட்ட முடியுமா?"

ரியாஸ், கூட்டத்தில் எவன் எதிர்த்துப் பேசினாலும் எனக்குப் பதில் உண்டு. இந்த வாதத்துக்கு என்னிடம் கணக்கு இல்லை. ஊர் அந்தக் கும்மட்டத்தை வெறுத்து இடிக்கவில்லை, உன்மேல் இருந்த பிரியத்தில் இடிக்கத் தீர்மானித்தது. வருகிற வெள்ளிக்கிழமை ஜமாஅத்தில் கையெழுத்து, சனிக்கிழமை இடிக்கிற வண்டி. அவ்வளவுதான் பாக்கி.

இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தட்டோடு வந்து என் மேஜையில் இருந்த காகிதங்களை ஒதுக்கினாய். தட்டில் தோல் உரித்த கமலா ஆரஞ்சு. அடிப்பக்கம் சுளைகளைக் கொஞ்சம் விலக்கி வைத்திருந்தாய். உள்ளங்கையால் மேலே லேசாக அமுக்கினாய், சுளைகள் நாலா பக்கமும் சரிந்தன. மறுபடி கூட்டி வைத்து, உங்கம்மா தலைமுடிக்குப் போடுகிற ரப்பர் பேண்டை இடுப்பில் மாட்டினாய். அமுக்கினாய், சரியவில்லை.

"இங்க பாருங்க. இது ஏன் கூடாது?"

"கூடாதுன்னு யார் சொன்னா? கும்மட்டத்துக்கு இரும்புப் பட்டை கட்டுறதெல்லாம் ரொம்பப் பழைய வேலை. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"அது ஒட்டுப்போடுற வேலை. சரியான வழி ரூமைத் திருப்பிக் கட்டுறது. இரும்பு துருப்பிடிச்சா உப்பிக் கல்லை உடைக்கும். வடிகாலை மாத்தணும். நாலு பக்கமும் ஒரே அளவா இறுக்கணும்."

"துருப்பிடிக்காத இரும்பு இருக்குல்ல? வடிகாலை மாத்த முடியாதா?"

"முடியும்."

"அப்ப ஒட்டுப்போட்டா என்ன?"

நான் ஆரஞ்சை எடுத்துத் தின்றேன். அதற்குப் பிறகு நடந்தது பெரும்பாலும் நீயே செய்தது. பட்டைக்கு வருகிற இழுப்பை நான் கணக்குப் போட்டேன். பயந்த அளவுக்கு இல்லை, கை அகலத் தகடு தாராளமாகத் தாங்கும். பெரம்பலூரில் ஸ்டெயின்லெஸ் டாங்க் செய்கிற பட்டறைக்கு நீதான் அலைந்தாய். வளைவு பொருந்துகிறதா என்று பார்க்க அட்டையில் வெட்டி எடுத்துப் போனாய். நாலு துண்டாகத் தகடு, நாலு திசையிலும் இறுக்குகிற போல்ட்டு. உன் சாச்சாவிடமும் நீதான் பேசினாய், ஸ்பீக்கரில் போட்டு. அவர் முதலில் கத்தினார். "அண்ணன் பேருல கட்டுனதால கும்மட்டம் விழுதுன்னு ஊர்ல பேச்சா? எவன் சொன்னான் அதை?" நீ என்னைப் பார்த்தாய். "இங்க ஒருத்தர் சொன்னாரு சாச்சா. இப்ப அவரேதான் விழாம கட்டப்போறாரு." அந்தப் பக்கம் கத்தல் நின்றது. பிறகு, "வடிகாலு செலவை நான் பாத்துக்குறேன். அந்த ஒருத்தர்ட்ட சொல்லு, நல்லா இறுக்கச் சொல்லி" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜமாஅத்து ஒத்துக்கொண்டது, ஹாஜியார் ஒரு நிபந்தனை போட்டார். வேலை முடிகிற வரை கும்மட்டத்துக்கு அடியில் முட்டு நிற்க வேண்டும். முட்டுகளை எடுக்கிற நாளில் ஒரு கல் இறங்கினாலும் மறுபேச்சில்லை, இடிக்கிற வண்டி வரும். நியாயமான நிபந்தனைதான். சென்ட்ரிங் வேலைக்கு நிறுத்துகிற இரும்பு ஜாக்கிகளைக் கொண்டுவந்து தெற்குச் சுளைகளுக்கு அடியில் நிறுத்தினோம். சுவரடியில் போன தண்ணீரைக் குழாய் போட்டு ஆற்றுப் பக்கம் திருப்பினோம். மண் காய இரண்டு மாதம் விட்டோம். கும்மட்டத்தின் இடுப்பில் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துத் தகட்டைச் சுற்றினோம். அதை இறுக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. கூட நின்ற பையன்கள் எல்லாரும் விரிசல் மூடுகிற வரை இறுக்கச் சொன்னார்கள். மூடக் கூடாது. இத்தனை காலம் விலகி நின்ற சுளைகளைப் பலவந்தமாகச் சேர்த்தால் வேறு எங்கோ உடையும். இதற்கு மேல் விலகாமல் இருந்தால் போதும். தகடு கல்லோடு விரல் நுழையாத அளவு படிந்ததும் நிறுத்தினோம். விரிசல்களைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தோம். அந்தச் சுண்ணாம்பும் அரியலூர்ப் பக்கத்துக் கல்தான், சிமெண்ட்டும் அதே கல்தான். சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதுதான் வித்தியாசம்.

முட்டு எடுத்த நாள் ஊரே ஒளு இடத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. உள்ளே நான் மட்டும் என்று பேச்சு. ஒவ்வொரு ஜாக்கியாகக் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு வந்தேன். பாதி வேலையில் திரும்பினால் நீ நடு அறையில் நிற்கிறாய், கையில் ஸ்பேனரோடு.

"வெளிய போ."

"ரெண்டு பேர் ஒரே நேரத்துல தளத்துனாதான் சமமா எறங்கும். நீங்கதான் சொன்னீங்க."

"வெளிய போடா!"

"கணக்கு சரிதானே?"

"கணக்கு சரி. நீ வெளிய போ!"

நான் கத்தியது தெரு வரை கேட்டிருக்கிறது. வெளியே இருந்து ஹாஜியார் குரல் கொடுத்தார்: "என்ன இன்ஜினியர் மாப்ளே? கணக்கு சரின்னா புள்ளையை ஏன் தொரத்துறீங்க?" கூட்டம் சிரித்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. சிரித்தவர்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. நீ வெளியே ஓடியிருந்தால் அந்த நிமிஷமே கும்மட்டத்தின் கதை முடிந்திருக்கும். தான் போட்ட கணக்கைத் தானே நம்பாத ஆள் என்று சாவியைப் பிடுங்கியிருப்பார்கள். நீ அசையவில்லை. அடுத்த ஜாக்கிக்குப் போய் ஸ்பேனரை மாட்டி, "சொல்லுங்க, எத்தனை சுத்து?" என்றாய்.

எனக்கு இது இன்னும் விளங்கவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அந்தக் கணக்கை நான் வெவ்வேறு வழியில் போட்டுப் பார்த்திருந்தேன். கயிற்றில் பார்த்தோம், காகிதத்தில் பார்த்தேன், கம்ப்யூட்டரில் பார்த்தேன். என் தலைமேல் அது நிற்கும் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. உன் தலைமேல் நிற்குமா என்று கேட்டபோது மட்டும் வெளியே போ என்று கத்திவிட்டேன். அதே செங்கல், அதே பட்டை, அதே பாரம். அடியில் யார் நிற்கிறார்கள் என்பது எந்தச் சூத்திரத்திலும் கிடையாது. அப்படியானால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? படித்தவர்கள் யாராவது இந்த மலரைப் படித்தால் எழுதிச் சொல்லட்டும்.

கடைசி ஜாக்கியை இறக்கியபோது மேலே இருந்து கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் உன் தலையில் கொட்டியது. நீ தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தாய். ஒன்றும் இறங்கவில்லை. ஹாஜியார் வாசலில் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார், பிறகு ஒரு கால், பிறகு முழு ஆள். விரிசல் இருந்த இடங்களை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு மோதினாரைக் கூப்பிட்டு, "லுஹர் தொழுகைக்கு இங்கயே பாங்கு சொல்லுங்க" என்றார். கூட்டம் ஒளு செய்ய உட்கார்ந்தது, உன் அத்தா பேருக்குக் கீழே. தொழுகை வரிசையில், ஸஃப்பில், எனக்கு உன் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. தொழுகை முழுக்க என் மனசு மேலேயே இருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஸலாம் கொடுத்து முடித்ததும் நீ என் பக்கம் திரும்பி, "இப்ப வெளிய போகவா?" என்றாய். கிண்டலுக்கு ஒரு அளவு வேண்டும்.

"போய் உங்கம்மாகிட்ட சொல்லு. பயந்துக்கிட்டு இருப்பா" என்றேன்.

"அம்மா பயப்படல. ஒளு எடத்துல நின்னு எல்லாருக்கும் மோர் குடுத்துக்கிட்டு இருக்காங்க. பயந்தது நீங்க ஒருத்தர்தான்."

ஆமாம், ரியாஸ். நான் ஒருத்தன்தான்.